தபால்பெட்டிக்குள் ரேலீன்

ரேலீனுக்கு மாரடைப்பு அவள் வீட்டுச் சமையலறையில் வந்திருந்தால் ஊர் இத்தனை பேசியிருக்காது. வந்ததோ பள்ளத்தாக்கின் நடுவில், ஸ்ட்ரெச்சரின் முன்பக்க இடது முனையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது. அதில் படுத்திருந்தவன் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு வாலிபன். கணுக்கால் பிசகியதற்கே உயிர் போகிறது என்று ஊரைக் கூட்டியவன். ரேலீன் மண்ணில் சாய்ந்ததும் அவன் எழுந்து நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்தான். அவன் படுத்திருந்த ஸ்ட்ரெச்சரில் அவளைப் போட்டுத் தூக்கி வந்தார்கள். காப்பாற்றப் போனவளைக் காப்பாற்றிக் கொண்டுவந்த கதை என்று எங்கள் ஊர் பெட்ரோல் பங்க்கில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் ஒருத்தனாவது ஸ்ட்ரெச்சரின் ஏதாவதொரு முனையைப் பிடித்ததுண்டா?

யூட்டாவின் தென்கோடியில், சிவப்புப் பாறைகளுக்கு நடுவே கிடக்கிற ஊர் இது. வழி தவறியவர்களைத் தேடி மீட்க எங்கள் வட்டாரத்தில் ஒரு தொண்டர் படை உண்டு. சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு வயர்லெஸ், ஆளுக்கொரு எண், அவ்வளவுதான். ரேலீன் பதினெட்டு வருஷமாக ஏழாம் எண். "ஏழு, எங்க இருக்கே?" என்று வயர்லெஸ் கேட்டால் மாவு பிசைந்த கையோடு கிளம்பிவிடுவாள். அவள் விழுந்த பிறகு பதினான்கு மாதம் கேப்டன் ராண்டெல் அந்த எண்ணை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். ஏப்ரல் முதல் வாரம் அவரே வீட்டுக்கு வந்தார்.

"ரேலீன், புதுசா ஒரு பொண்ணு ஆறு மாசமா எண் கேட்டு நிக்குது. டாக்டர் உனக்கு சரின்னுட்டாங்க, எனக்கு சந்தோஷம்தான். ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நோயில விழுந்து திரும்பி வர்றவங்க தபால்பெட்டியில ஏறிக் காட்டணும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஏறிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. ஏழு உன்னோடது. போன் வரலேன்னா அந்தப் பொண்ணோடது."

"கூட யாராவது சாட்சிக்கு வரணுமா?"

"உன் வாய் போதும் எனக்கு."

தபால்பெட்டி என்பது ஒரு பாறை வெடிப்பு. அறுபது அடி உயரம், ஆள் அகலம். கடிதத்தைத் திணிக்கிற மாதிரி உடம்பைப் பக்கவாட்டில் திணித்து, முதுகை ஒரு சுவரிலும் கால்களை எதிர்ச்சுவரிலும் முட்டுக்கொடுத்து, அங்குலம் அங்குலமாக மேலே போகவேண்டும். பாதிக்கு மேல் ஒரு பாறைத் துண்டு இடுக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டுவதுதான் பாடு. ரேலீன் முப்பது தடவையாவது ஏறியிருப்பாள்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது லாவார் தலை நிமிராமல் சொன்னான், "ரே, ஒரு விஷயம். தபால்பெட்டி மூடிப் போச்சு."

லாவார் அவள் புருஷன். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். டயர் கடை வைத்திருக்கிறான். அது வயிற்றுப் பிழைப்பு. அவன் உயிரை வைத்திருப்பது வழிக்கற்களில். எங்கள் மொட்டைப் பாறைகளில் ஒற்றையடிப் பாதை பதியாது. அதனால் மூன்று நான்கு கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்போம், ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிகிற தூரத்தில். அந்தக் கற்களை நம்பித்தான் மனுஷன் உயிரோடு திரும்புகிறான். அவற்றைப் பத்தொன்பது வருஷமாகப் பராமரிக்கிறவன் லாவார். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள அழகுக்காக அடுக்குகிற பொய்க்கற்களைக் கண்ட இடத்தில் உதைத்துத் தள்ளுவது எங்கள் ஊர்ப் பழக்கம். நாலு வயதுக் குழந்தைகூட உதைக்கும். ஒரு தடவை லாவார் ஒரு டெக்ஸாஸ் குடும்பத்தையே நிற்கவைத்து அரை மணி நேரம் திட்டினான். அந்தம்மா அழுதுவிட்டாள்.

"மூடிப் போச்சா? எப்போ?"

"அக்டோபர்ல. மேலேருந்து பாறை சரிஞ்சு அடைச்சுக்கிச்சு. பிஷப் மூக்குப் பாறைக்குப் பின்னால சுத்தி ஒரு வழி போட்டு அப்பவே கல்லு வச்சுட்டேன். நீ படுத்திருந்தே, சொன்னா வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன். ராண்டெலும் அந்தப் பக்கம் போகல, அவருக்கும் தெரியாது. நான் பேசிக்கறேன்."

ரேலீனுக்குப் பாதி வயிறு சாப்பாட்டோடு பசி அடங்கிப்போனது. ஆனால் சந்தேகம் வரவில்லை. லாவார் பொய் சொல்லாதவன் என்று சொல்லமாட்டேன். பிறந்தநாள் பரிசின் விலையில் சொல்வான், மீன் பிடித்த நீளத்தில் சொல்வான். கல் விஷயத்தில் சொல்லமாட்டான்.

"இருக்கட்டும். மூடின பெட்டியையாவது பாத்துட்டு வரேன். சனிக்கிழமை போறோம்," என்றாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டியைப் பாதைமுனையில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். தண்ணீர் முழுவதையும் லாவாரே சுமந்தான். அவள் கேட்டும் ஒரு பாட்டிலைத் தரவில்லை. கயிற்றை மட்டும் அவள் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "மூடின இடத்துக்குக் கயிறு எதுக்கு?" என்றான். "பதினெட்டு வருஷப் பழக்கம்," என்றாள்.

சரிவு ஏறும்போது பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"மூச்சு வாங்குதா ரே?"

"உன் கேள்விக்குப் பதில் சொல்லியே மூச்சு வாங்குது."

"உக்காரலாமா?"

"நீ வேணா உக்காரு. உனக்கு ஐம்பத்தஞ்சு ஆச்சு."

இந்தப் பதினான்கு மாதமும் இதே பாட்டுத்தான். சர்ச் சபைப் பெண்கள் வாரத்துக்கு இரண்டு பேராக உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, செத்தவளிடம் பேசுகிற குரலில் பேசிவிட்டுப் போவார்கள். லாவார் மாடிப்படிக்கு இரண்டாவது கைப்பிடி போட்டான். உப்பு ஜாடியை ஒளித்துவைத்தான். துணிக்கூடையைக்கூடத் தூக்க விடவில்லை. டாக்டரம்மா டிரெட்மில்லில் அவளை ஓடவைத்துப் பார்த்து, "உங்க இதயம் என்னுதைவிட நல்லா இருக்கு, என்ன வேணா ஏறுங்க," என்று அவன் முகத்துக்கு நேரேதான் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் துணிக்கூடையைத் தானே தூக்கினான்.

பாதை பிரிகிற இடத்துக்கு வந்தபோது மணி பத்தரை. இடதுபக்கம் போனால் தபால்பெட்டி. அங்கே எப்போதும் நிற்கிற வழிக்கல்லைக் காணோம். வலதுபக்கம், பிஷப் மூக்கின் பின்னால், புது வழிக்கல் ஒன்று நின்றது. அவனுடைய கைதான். அடியில் தட்டையான கல், நடுவில் கொஞ்சம் பருமன், மேலே கூரை மாதிரி சாய்த்த ஒன்று.

கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீச் ஜாம் தடவிய ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். ரேலீன் முட்டை ஓட்டைப் பையில் போட்டுவிட்டு, பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தாள். கண்ணுக்கு நேரே வழிக்கல்லின் மேற்கல்.

எங்கள் மண்ணில் ஒவ்வொரு கல்லுக்கும் முதுகு ஒரு நிறம், வயிறு ஒரு நிறம். வெயில் பட்ட முதுகு கறுத்திருக்கும். மண்ணில் பதிந்து கிடந்த வயிறு சிவந்திருக்கும். தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்று வழிக்கல் அடுக்குகிறவர்கள் வயிற்றைத்தான் மேலே வைப்பார்கள். லாவாரும் அப்படித்தான் வைத்திருந்தான். அதிலெல்லாம் தப்பில்லை. ஆனால் அந்தச் சிவந்த வயிற்றில் மண் அப்பிக்கொண்டிருந்தது. மண்ணோடு வெள்ளையாக ஒரு சிலந்தி முட்டைப் பொதி, கடலை அளவில், கலையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் வைத்த கல். அதன்மேல் ஒரு பனிக்காலம் போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் எங்கள் ஊர்ச் சாக்கடையே நிரம்பி ஓடியது. அந்த மழையில் அப்பிய மண் எப்படி நிற்கும்?

ரேலீன் மேற்கல்லை எடுத்துத் தட்டினாள். மண் பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தாள். உள்ளே இன்னும் லேசான ஈரம்.

"லாவார்."

அவன் முட்டையை வாயில் போட்டபடி திரும்பினான். அவள் கையில் கல்லைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

"இதை எப்ப வச்சே?"

"அக்டோபர்னு சொன்னேனே..."

"என் காதுல பூ சுத்தாதே. இது செவ்வாக்கிழமைக்கு அப்புறம் வச்ச கல்லு. புதன்கிழமை கடைக்கு டயர் லோடு வருதுன்னு ராத்திரி எட்டு மணிக்கு வந்தியே, அன்னைக்கு வச்சியா?"

அவன் முகம் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. கல்லில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் மாட்டிக்கொண்டால் அதுதான் கோலம்.

"தபால்பெட்டி மூடவே இல்ல, அப்படித்தானே?"

"ரே, நான் சொல்றதக் கேளு..."

"மூடிச்சா, மூடலையா?"

"மூடல."

ரேலீன் எழுந்து நின்றாள். கோபத்தில் கையிலிருந்த கல்லைக் கீழே எறிந்தாள். அவன் உப்பை ஒளித்தபோது இந்தக் கோபம் வந்ததில்லை. தண்ணீர் பாட்டிலைத் தராதபோதும் வந்ததில்லை. ஆனால் கல்லில் பொய்யா? இந்த மனுஷனா?

"எத்தனை வச்சே?"

"பதினொண்ணு."

"உனக்கு வெக்கமா இல்ல? நமக்குப் பின்னால யாராவது வந்து இதை நம்பினா? அந்தப் பக்கம் முப்பதடிப் பள்ளம் இருக்கே, அதுல போய் நின்னா யாரு போய்த் தூக்கறது? புதுசா எண் வாங்கப்போற அந்தப் பொண்ணா?"

"திங்கக்கிழமை வந்து எல்லாத்தையும் கலைச்சுடலாம்னு இருந்தேன்."

"ஏன், நாளைக்குக் கலைக்கிறதுதானே?"

"நாளைக்கு ஞாயிறு. சபைக்குப் போகணும்."

"ஓஹோ! ஞாயித்துக்கிழமை உலகத்துல ஒருத்தரும் நடக்க மாட்டாங்க, எல்லாரும் நம்ம சபைக்குத்தான் வருவாங்க!"

அவன் தடுமாறி இரண்டடி பின்னால் போனான். பாறை முடிந்து, கறுப்புப் பொருக்கு மண் தொடங்குகிற இடத்தில் அவன் கால் இறங்கிவிட்டது. அந்தப் பொருக்கு உயிருள்ளது. ஒரு அடி மிதித்தால் திரும்ப வளர நூறு வருஷமாகும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள்.

"பொருக்கு மேல நிக்கிறே!" என்று அந்தக் கோபத்திலும் கத்தினாள். அவன் சூடுபட்டவன் மாதிரி துள்ளிப் பாறைக்கு வந்தான். வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

அவள் சிரிக்கவில்லை. வழிக்கல்லை ஒரு உதை விட்டாள். கற்கள் கடகடவென்று உருண்டு போயின. அடுத்ததை நோக்கி நடந்தாள். அதையும் உதைத்தாள். லாவார் கூடவே வந்தான், சொல்லத் தெரியாமல் எதையோ சொல்லிக்கொண்டு. ஐந்தாவது கல்லை உதைக்கும்போது அவள் மூச்சிரைத்தது. அவன் உடனே "ரே, மூச்சு..." என்று தொடங்க, அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். மிச்சம் ஆறையும் அவனே உதைத்தான். ஒவ்வொன்றாக, தலை குனிந்தபடி.

திரும்பி வந்து பாதை பிரிகிற இடத்தில் அவன் பிடுங்கி எறிந்திருந்த பழைய வழிக்கல்லை மறுபடி அடுக்கினார்கள். அவன் அடிக்கல் வைத்தான், அவள் மேற்கல் வைத்தாள். பிறகு அவள் இடதுபக்கம் நடந்தாள்.

தபால்பெட்டி என்றைக்கும்போல வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒரு பொடிக்கல்கூடச் சரிந்திருக்கவில்லை. ரேலீன் கயிற்றின் ஒரு முனையை இடுப்புப் பட்டையில் கட்டினாள். மேலே போய், உச்சிப் பாறையில் பதித்திருக்கிற இரும்பு வளையத்தில் மாட்டுகிற வரைக்கும் அந்தக் கயிறு வெறும் சுமைதான். விழுந்தால் தாங்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

லாவார் வெடிப்புக்கு முன்னால் வந்து வழி மறித்து நின்றான்.

"நான் சொல்லிடறேன். அப்புறம் நீ என்ன வேணா பண்ணு. அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல பதினோரு மணி நேரம் உக்காந்திருந்தேன். நடுவுல ஒரு நர்ஸ் வந்து உன் பூட்ஸ் ரெண்டையும் பிளாஸ்டிக் பையில போட்டு என் கையில குடுத்துட்டுப் போயிட்டா. எதுக்குக் குடுக்கறேன்னு கேக்க எனக்குத் தைரியம் வரல. நீ போயிட்டேன்னு நெனச்சு நாலு மணி நேரம் அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். புரியுதா உனக்கு? நாலு மணி நேரம் நான் பொண்டாட்டி செத்தவன்."

இதை அவன் இத்தனை நாள் சொன்னதே இல்லை. ரேலீனுக்கு அந்த நிமிஷம் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், இருந்தது.

"அந்த பூட்ஸைத்தான் இப்பப் போட்டிருக்கேன்," என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்தான்.

"லாவார், நீ பயப்படு. உன் பயத்தை நான் குறை சொல்லல. ஆனா என்னைப் பீங்கான் தட்டு மாதிரி துணி சுத்தி அலமாரியில வச்சு, அதுக்குப் பேரு வாழ்க்கைன்னு சொல்லாதே. நான் விழுந்தா விழறேன். ஏற முடியலேன்னா முடியலேன்னு ராண்டெல்கிட்ட என் வாயால சொல்றேன். ஏற முடியுமா முடியாதான்னு நீ முடிவு பண்ணிட்டு, எனக்கே தெரியாம வழிய மாத்தி வைக்கிறியே, அதை எப்படி மன்னிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

"உள்ள போய் மூச்சு நின்னா என்னால வந்து தூக்க முடியாது ரே. எனக்குத் தபால்பெட்டி ஏறத் தெரியாது."

"தெரியும். தள்ளு."

அவன் ஒதுங்கினான். அவள் தோளைப் பக்கவாட்டில் திணித்தாள்.

முதல் இருபது அடி உடம்பே ஞாபகம் வைத்திருந்தது. முதுகு, கால், கை, முதுகு. பாறையின் குளிர்ச்சி சட்டைக்குள் இறங்கியது. முப்பதடியில் தொடை நடுங்க ஆரம்பித்தது. பதினான்கு மாதம் சோபாவில் கிடந்த தொடை வேறென்ன செய்யும்? அவள் அதை வாய்விட்டே திட்டினாள். சபையில் சொல்லக்கூடாத வார்த்தைகள் இரண்டு அந்தப் பெட்டிக்குள் எதிரொலித்தன. கீழே லாவார் கேட்டும் கேளாததுபோல் நின்றான்.

மாட்டிய பாறைக்கு அடியில் வந்ததும் நின்றாள். இங்கேதான் முதுகை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பாறையின் மேல்விளிம்பைப் பிடித்து எம்பவேண்டும். எம்புகிற அந்த ஒரு கணம் கால் எதிலும் படாது. நெஞ்சுக்குள் மத்தளம் அடித்தது. வலியா, வெறும் துடிப்பா? அன்றைக்கு வலி இடது தாடையில் தொடங்கியது. தாடையைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கழுத்தில் விரல் வைத்து எண்ணினாள். நூற்று ஐம்பத்து இரண்டு. டாக்டரம்மா நூற்று அறுபதுவரை பயப்படவேண்டாம் என்றிருந்தாள். நூற்று இருபதுக்கு இறங்குகிறவரை இங்கேயே நிற்பது என்று தீர்மானித்தாள்.

கீழேயிருந்து சத்தமே இல்லை. அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவன் படுகிற பாடு அவளுக்கு மேலே வரைக்கும் தெரிந்தது.

"லாவார்! உயிரோடதான் இருக்கேன்!"

"சரி!" என்று குரல் வந்தது. கொஞ்சம் கழித்து, "அவசரமில்ல! மணி ரெண்டுதான் ஆகுது!"

அதைக் கேட்டு அவளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு. கையை மேலே நீட்டி விளிம்பைப் பிடித்தாள். சொரசொரப்பு உள்ளங்கையைக் கிழித்தது. முதுகை எடுத்தாள். கால்கள் காற்றில் தொங்கின. வயிற்றைப் பாறைமேல் போட்டு, முழங்காலை இழுத்து, புழு மாதிரி நெளிந்து மேலே போனாள். அழகாக ஏறினாள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் ஏறினாள். அதற்கு மேலே இருபதடி. அதன்பிறகு வானம்.

உச்சியில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினாள். முழங்கால் சிராய்ப்பில் ரத்தம். அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அடக்கிவைக்க அங்கே என்ன, சபைப் பெண்களா இருக்கிறார்கள்?

எழுந்து, வளையத்தில் கயிற்றை மாட்டி, ஒருமுறைக்கு மூன்றுமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். ராண்டெல் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ராண்டெல், நான்..."

"எங்கேயிருந்து பேசறேன்னு சொல்லவேண்டாம்," என்றார் அவர். "அந்தப் பக்கம் பத்து மைலுக்கு அந்த உச்சியைத் தவிர எங்கேயும் டவர் கிடையாது. அதனாலதான் போன் பண்ணுன்னு சொன்னேன். அழறியா?"

"இல்ல. காத்து."

"லாவார் என்ன சொல்றான்?"

"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டான். இப்பக் கீழ நிக்கிறான்."

"அவன் சம்மதிக்கிறானா?"

"அவன்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? எண் அவனுக்கா?"

ராண்டெல் சிரித்தார். "சரி ஏழு. நல்லபடியா இறங்கு."

அவள் போனைப் பையில் போட்டுவிட்டு விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். அறுபதடி கீழே லாவார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒடித்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு எனக்குத்தான்!" என்று கத்தினாள்.

"கேட்டுச்சு!" என்றான். பிறகு, "அப்போ நான் வண்டிக்குத் திரும்பிப் போறேன் ரே! நீ அந்தப் பக்கம் கயித்துல இறங்கு! நான் வண்டியோட அங்க வந்து நிக்கிறேன்!"

"தனியா இறங்கக்கூடாதுன்னு படையில விதி! நீயும் மேல வா, இடுப்புல கட்டு!" அவள் கயிற்றின் முனையைக் கீழே இறக்கினாள்.

அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்தொன்பது வருஷம் இந்தப் பாறைகளில் கல் அடுக்கியவன், ஒரு தடவைகூட இதற்குள் நுழையாதவன். பிறகு மெதுவாகப் பையைக் கழற்றிக் கீழே வைத்தான். தண்ணீர் பாட்டில்களை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொண்டான். அவள் மேலேயிருந்து சொல்லச் சொல்ல, முடிச்சுப் போட்டான். முதல் முடிச்சு தப்பு. அவள் அவிழ்க்கச் சொன்னாள். இரண்டாவது சரி.

"ரே, நான் தொண்ணூத்தஞ்சு கிலோ! என்னைத் தாங்குவியா? உன் நெஞ்சு..."

"பிடிக்கிறது என் வேலை, லாவார்! நீ ஏறு!"

அவன் தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டு, தோளைப் பக்கவாட்டில் திருப்பி, உள்ளே நுழைந்தான்.